சூடு கொஞ்சம் இருக்கும்

எனக்க போன்ல ஆரு கூப்பிட்டாலும், நான் ஆரக் கூப்பிட்டாலும், பேசுனது அவ்வளவும் தன்னால பதிவாயிரும். அதுக்குன்னு ஒரு ஆப் போட்டு வச்சிருக்கேன். பங்குச்சாமியார் கூப்பிட்டாலும் பதிவாவும், பஹ்ரைன்ல இருந்து எனக்க வீட்டுக்காரரு கூப்பிட்டாலும் பதிவாவும். கேட்டா சிரிப்பாவ. சிரிச்சிட்டுப் போட்டும். ராஜாக்கமங்கலத்துல இருந்து துறைக்குப் போற ரோட்டுல ஒரு பொம்பள தனியா நின்னு ஐஸ் பிளாண்ட் நடத்திப் பாக்கட்டும், அப்பம் தெரியும் சங்கதி. காலம்பற சொன்னத மத்தியானம் சொல்லலன்னுவான். மாதா மேல ஆணையிடுவான். நான் போன எடுத்து, "இந்தா, இது உனக்க சத்தமான்னு பாரு"ன்னு போட்டுக் காட்டுவேன். வாயப் பொத்திட்டுப் போவான். ஜெபமணின்னா துறையில ஒரு பயம் உண்டு.

நான் சந்தேகக்காரிதான். அத ஒளிச்சு வச்சு எனக்கு ஒண்ணும் ஆவாண்டாம்.

அதுலயும் எனக்கு ரொம்ப சந்தேகம் உள்ள சாமானம் ஒண்ணு பிளாண்டுல உண்டு. மோட்டார் ரூமுல செவரோட சேந்து நிக்கிற ஒரு இரும்புப் பெட்டி. உள்ள எண்ண டின்னு மாதிரி ஆறு டப்பா வரிசையா இருக்கும். ஒண்ணும் சுத்தாது, ஒண்ணும் அசையாது. ஆனா காத வச்சா ம்ம்ம்னு ஒரு மூளல் கேக்கும். பெரிய மோட்டார் ஓடுது, அம்மோனியா குளிருது, ஐஸ் ஒறையுது, செரி. இந்தப் பெட்டி என்ன செய்யுது? சும்மா நின்னு மூளுது.

ஒம்பது வருசத்துக்கு முன்ன அத மாட்டுனது சுயம்புராஜ். சாமித்தோப்புப் பக்கத்துக்காரரு, நெத்தியில வெள்ள நாமம் இல்லாம ஒரு நாளும் வேலைக்கு வரமாட்டாரு. எனக்க பிளாண்ட் தொடங்குன நாள்ல இருந்து அவருதான் எலக்ட்ரீசியன். அன்னைக்கு நான் அவரப் புடிச்சு நிறுத்திக் கேட்டேன்.

"ஓய், ஒண்ணும் ஓடாத பெட்டிய எனக்க தலையில எதுக்குக் கட்டுதீரு?"

"அம்மா, மோட்டார் ரெண்டு மாதிரி கரண்டு இழுக்கும். ஒண்ணு வேல செய்யும். மத்தது வேல செய்யாது. போயிட்டும் வந்துட்டும் நிக்கும்."

"வேல செய்யாத கரண்டு எனக்கு எதுக்குவோய்?"

"கரையில வள்ளம் தள்ளும்ப ஒருத்தன் ஏலேலோ போடுவாம்லா, அவன் தள்ளுவானா?"

"தள்ளமாட்டான்."

"அவன் இல்லாட்டி வள்ளம் நவுருமா?"

"நவுராது."

"அதாக்கும் இது. அந்தப் பாட்டுக்காரன் இல்லாம மோட்டார் அசையாது. அவன நாகர்கோவில்ல இருந்து கம்பி வழியா தெனமும் வரவச்சா கம்பிக்கு வீண் பாரம், கரண்டாபீசும் அபராதம் போடும். இந்தப் பெட்டி இருந்தா பாட்டுக்காரன் நம்ம கரையிலயே நிப்பான்."

எனக்குச் சிரிப்பு வந்துட்டு. ஐஸ் பிளாண்டுக்குள்ள ஏலேலோக்காரன்! பேரு என்னன்னு கேட்டேன். "கண்டன்சர்"ன்னாரு. "வீட்டு ஃபேன்ல இருக்கும்லா, அதுக்க தாத்தன்னு வச்சுக்கிடுங்க." அன்னையில இருந்து எனக்கும் அது கண்டன்சர்தான். ஒரே ஒரு விசயம் மட்டும் கறாரா சொன்னாரு: "நான் இல்லாம இந்தப் பெட்டிய ஆரும் தெறக்காண்டாம். ஆஃப் பண்ணினாலும் அஞ்சு நிமிசம் இதுல உயிரு கெடக்கும்." நான் தலையாட்டுனேன். ஆனா மனசுல ஒரு முள்ளு விழுந்துட்டு. இவரு இல்லாம தெறக்கக்கூடாத பெட்டியில இவரு என்னத்த வச்சிருக்காரு?

இந்த வருசம் மேல் கடலுக்கு மீன்புடித் தடக்காலம் தொடங்குன ஜூன் மாசம் எனக்க தங்கச்சி புஷ்பத்துக்க மகன் ரிஜோ கத்தார்ல இருந்து வந்தான். அங்க பெரிய பெரிய கட்டடத்துக்கு ஏசி வேல, பத்து வருச சர்வீஸ். இனி திரும்பிப் போவலன்னான். பிளாண்ட ஒனக்கு விட்டுத்தாறேன் மக்கான்னு நான் சொன்னேன். எனக்குப் பிள்ள கெடையாது, அவனத் தொட்டில்ல ஆட்டுனது நான்தான். புஷ்பம் எனக்க கையப் புடிச்சு கண்ணுல ஒத்திக்கிட்டா.

வந்த மூணாம் நாளே ரிஜோவுக்கும் சுயம்புக்கும் முட்டிக்கிட்டு. வயரு இப்பிடியா கட்டுவாவ, போர்டுல பேரு எழுதி ஒட்டாண்டாமா, கத்தார்ல இப்பிடிச் செய்தா வீட்டுக்கு அனுப்பிருவான் அப்பிடின்னு ரிஜோ. "கத்தார்ல உப்புக்காத்து உண்டுமா தம்பி, வீட்டுல உக்காந்து யோசிச்சுப் பாரும்"னு சுயம்பு. பொறவு ரெண்டுபேரும் பேச்ச நிறுத்தீட்டாவ. ஒரே ரூமுல நின்னுக்கிட்டு, "பெரியம்ம, அந்த ஆளுகிட்ட ஸ்பானர் எங்கன்னு கேளுங்க"ன்னு இவன். "அம்மா, தம்பிக்க காலுக்குக் கீழதான் கெடக்குன்னு சொல்லுங்க"ன்னு அவரு. நடுவுல நான் தந்திக்கம்பி. மனுசிக்கு எத்தற பொறும!

நான் பாத்துக்கிட்டேதான் இருந்தேன். சுயம்புக்க மொகத்துல ஒரு இருட்டு. பதிமூணு வருசம் நின்ன எடத்துல இருந்து ஒருத்தன் நேத்து வந்து நவுத்துதான்னா ஆருக்குத்தான் பொறுக்கும்? இந்த மனுசன் என்னமும் செய்வாரோன்னு எனக்க மனசு அப்பமே அடிச்சிட்டு.

அது ஒரு ஞாயித்துக்கிழம. விசைப்படகு ஒண்ணும் கடலுக்குப் போவாத நாளு, நாட்டு வள்ளத்துக்கு மட்டும் கொஞ்சம் ஐஸ் போனா மதி. அதனால மோட்டார நிறுத்திட்டு, மேல மாடியில உப்பு கெட்டியாப் புடிச்சிருந்த கண்டன்சர்க் குழாயச் செரண்டணும்னு ரெண்டு பேர வரச்சொல்லியிருந்தேன். சுயம்பு காலம்பறயே வந்து எல்லாத்தயும் நிறுத்திட்டு, அவிய அய்யாவழிக் கோயில், அந்த நிழல்தாங்கல்ல பணிவிட இருக்கு, மத்தியானம் வாறேன்னு எனக்குப் போன்ல சொல்லிட்டுப் போயிட்டாரு. நான் மொதப் பூச கண்டுட்டு நேர பிளாண்டுக்கு வந்தேன்.

மோட்டார் ரூமுல ரிஜோ அந்தப் பெட்டியத் தெறந்து வச்சுக்கிட்டு நிக்கான். ஒரு டப்பா வயிறு வீங்கிக் கெடந்துது. "பாத்தியளா பெரியம்ம, இது எப்பம் வேணும்னாலும் வெடிக்கும். ஒங்க ஆளு கண்டுக்கிடல. நான் புதுசு வாங்கியாச்சு, மாத்திருவேன்." ஸ்பானரக் கையில எடுத்தான். அப்பறம் ஒரு நிமிசம் நின்னான். "கெப்பாசிட்டர் ஆஃப் பண்ணியாச்சான்னு மட்டும் அந்த ஆளுகிட்ட ஒருக்கா கேட்டுச் சொல்லுங்க."

கெப்பாசிட்டராம். கத்தார் இங்கிலீசு. நான் சிரிச்சிட்டு முத்தத்துக்கு வந்து சுயம்பக் கூப்பிட்டேன். பேசி முடிச்சிட்டு வாசல்ல நின்னு கத்துனேன்: "ஆஃப் பண்ணியாச்சாம் மக்கா, கைய வைக்கலாமாம்!"

ரெண்டு நிமிசம் இருக்கும். டமார்னு ஒரு சத்தம். சன்னல்ல நீலமா ஒரு வெளிச்சம். ஓடிப்போனா எனக்க பிள்ள தரையில கெடக்கான், வலது கையில இருந்து புகை வருது. மாதாவே, அந்த நாத்தம் இன்னைக்கும் எனக்க மூக்குல இருக்கு.

ஆசாரிப்பள்ளம் ஆஸ்பத்திரியில பதினோரு நாளு. உசிரு நின்னுது. வலது கையில மோதிர விரலும் சுண்டுவிரலும் போச்சு. புஷ்பம் வராந்தாவுல தலையத் தலைய செவத்துல முட்டுனா. "அக்கா, நீ இருந்துமா இப்பிடி ஆச்சு, நீ இருந்துமா"ன்னு அதையே கேட்டா. அவளுக்கு என்ன பதில் சொல்லுவேன்?

பதில் போன்ல இருந்துது. அன்னைக்கே ஆஸ்பத்திரிப் படியில உக்காந்து அந்தப் பதிவப் போட்டுக் கேட்டேன். பின்னால ஆளுக நிழல்தாங்கல்ல கூடி உகப்படிப்பு ஜெபம் படிக்கிற சத்தம். அதுக்கு நடுவுல சுயம்புக்க தெளிவான சத்தம்: "அதெல்லாம் ஆஃப் பண்ணியாச்சும்மா. தாராளமா கைய வைக்கச் சொல்லுங்க. சூடு கொஞ்சம் இருக்கும். எளந்தாரிப் பய தான, தாங்குவான்."

எனக்க மேலு முழுக்கப் பத்திக்கிட்டு வந்துது. ஆஃப் பண்ணல. உயிரோட விட்டுட்டு ஆஃப் பண்ணியாச்சுன்னு சொல்லியிருக்கான். அதோட போச்சா? சூடு கொஞ்சம் இருக்குமாம், தாங்குவானாம்! ஒருத்தனுக்க கை வேவும்னு தெரிஞ்சு சிரிச்சுக்கிட்டுச் சொன்ன வார்த்த இல்லியா இது? ஒம்பது வருசமா ஆரும் தொடாண்டாம்னு காவல் காத்த பெட்டிய, ரிஜோன்னதும் தாராளமா தொடச் சொல்லுதான். நம்ம பக்கத்துல சொல்லுவாவ, தவக்களை தன் வாயாலயே கெடும்னு. கெட்டான். அன்னையிலருந்து எனக்க வாயில அவரு அவனாயிட்டாரு.

துறையில எங்களுக்கு ஒரு வாட்சப் குரூப் உண்டு. ஐஸ்காரன், மீன்காரன், வள்ளக்காரன், எனக்க சொந்தபந்தம் எல்லாமா இருநூத்திப் பதினாலு பேரு. அதுல அந்தப் பதிவப் போட்டேன். முழுசா போடல. முன்னால எனக்க சத்தம் கொஞ்சம் இருந்துது. எனக்க சத்தம் போன்ல கேட்டா எனக்கே புடிக்காது, அண்டங்காக்கா கரையிற மாதிரி இருக்கும். எதுக்கு அதயும் ஊரு கேக்கணும்னு வெட்டிட்டு, அவன் பேசுனத மட்டும் போட்டேன். கீழ எழுதுனேன்: "பதிமூணு வருசம் சோறு போட்ட வீட்டுப் பிள்ளைக்கு சுயம்புராஜ் செய்த காரியம்."

ஒரு மணிநேரம் போன் நிக்கல. அடுத்த நாளு அந்தச் சத்தம் ராஜாக்கமங்கலத்துல கேட்டுது, ரெண்டாம் நாளு சாமித்தோப்புலயும் கேட்டுது. சுயம்ப வேலைக்குக் கூப்பிடுற பிளாண்ட் ஒண்ணு இல்லாமப் போச்சு. டீக்கடையில நின்னா பக்கத்துல நிக்கிறவன் கிளாச எடுத்துட்டு நவுருதானாம். கேட்டப்ப எனக்கு நல்லாத்தான் இருந்துது. பொய் சொல்லமாட்டேன்.

ரிஜோ வீட்டுக்கு வந்த நாளு, சுயம்புக்க மக இந்துஜா பிளாண்ட் கேட்டுல வந்து நின்னா. இருவத்திமூணு வயசு, நாகர்கோவில்ல ஒரு ரத்தம் சோதிக்கிற லேப்ல வேல. அழுவா, கால்ல விழுவான்னு நெனச்சேன். கண்ணுல ஒரு சொட்டு வெள்ளம் இல்ல.

"அம்மா, அந்த ஆடியோ எங்கப்பா 'அதெல்லாம்'னு சொல்லுறதுல தொடங்குது. எதெல்லாம்?"

"என்னட்டி கேக்க?"

"நீங்க என்ன கேட்டதுக்கு எங்கப்பா அதெல்லாம்னு சொன்னாரு? முன்பாதி எங்க?"

"போன் போட்டா ஹலோன்னுதான் சொல்லுவேன். ஒங்கப்பன் கூட பாட்டா பாடுவேன்?"

"ஹலோவ வெட்டவேண்டிய காரியம் என்ன?"

பாத்தியளா திமிர! கள்ளன் பெருசா காப்பான் பெருசான்னு இருக்கு. நான் கேட்ட இழுத்துச் சாத்திட்டு வந்துட்டேன். ஆனா உள்ள வந்தும் ஒரு மாதிரியா இருந்துது. என்னைய ஒருத்தி சந்தேகப்படுதா. நான் எல்லாரையும் சந்தேகப்படுற ஆளு, என்னைய ஒருத்தரும் இப்பிடிப் பாத்ததில்ல. முழுப் பதிவையும் இன்னொருக்கா போட்டுக் கேட்டேன். எல்லாம் செரியாத்தான் இருந்துது. போலீசுலயே கொண்டு குடுத்திருவோம், அங்க வந்து கேக்கட்டும் முன்பாதின்னு மறுநாளே மனு எழுதிக் குடுத்துட்டேன். வேணும்னே கொல்லப் பாத்தான்னு எழுதுனேன்.

புதன்கிழம பத்து மணிக்கு எல்லாரையும் ஸ்டேசனுக்கு வரச்சொன்னாவ. மழ பேஞ்சுக்கிட்டு இருந்துது. எஸ்.ஐ. ஒரு பொம்பள, தருமபுரிப் பக்கமாம், இந்தப் பக்கத்துக்கு வந்து ரெண்டு மாசம்தான். நான் ஒரு நாற்காலியில, ரிஜோ கையில கட்டோட எனக்க பக்கத்துல. சுயம்பு செவரோரமா நின்னான். நாமம் இருந்துது. ஆளு பாதியாக் காஞ்சு போயிருந்தான். இந்துஜா அவனுக்க கையப் புடிச்சுக்கிட்டு நின்னா.

"இன்னைக்கு நான் எஃப்.ஐ.ஆர். போட்டா இவரு உள்ள போயிடுவாரு, லைசென்சும் போயிடும்"னு எஸ்.ஐ. எனக்கிட்ட சொன்னாங்க. "அதனால நல்லா யோசிச்சு பதில் சொல்லுங்க."

"யோசிக்க ஒண்ணும் இல்ல மேடம். அவனுக்க வாயாலயே கேளுங்க." போன மேச மேல வச்சு, சத்தத்தக் கூட்டி, அவன் பேசுற எடத்துல இருந்து போட்டேன். 'சூடு கொஞ்சம் இருக்கும்' வந்தப்ப ரூமுல இருந்த ஏட்டு உச்சுக்கொட்டுனாரு.

எஸ்.ஐ. மட்டும் நெத்திய சுருக்குனாங்க. "எதை ஆஃப் பண்ணியாச்சுன்னு சொல்றாரு?"

"கண்டன்சர மேடம்."

"கண்டன்சர்னா? எங்க வீட்டு ஃபேன்ல இருக்குமே, அதுவா?"

"அதேதான். அதுக்க தாத்தன்."

"ஃபேன் கண்டன்சர் சூடாவா இருக்கும்? கை வச்சா சூடு தாங்கணும்கிற அளவுக்கு?"

நான் வாயத் தெறந்தேன். ஒம்பது வருசத்துல அந்தப் பெட்டியில சூடுன்னு நான் கேட்டதே கெடையாது. மூளல்தான் கேட்டிருக்கேன்.

செவரோரத்துல இருந்து சுயம்பு பைய சொன்னான். "மேடம், நான் சொன்னது மேல மாடியில உள்ள கண்டன்சர். அம்மோனியாக் குழாய். அப்பந்தான் மோட்டார் நிறுத்தியிருந்தேன், குழாய் ஆற நேரம் எடுக்கும். செரண்டுற பயலுக்குச் சூடு தட்டும்லா, அதச் சொன்னேன்."

"பொய்!"ன்னு நான் எந்திரிச்சேன். "பாருங்க மேடம், விலாங்கு மாதிரி வழுக்குதான். இத்தற நாளா இதச் சொல்லாம இப்பம் புதுசா ஒரு கண்டன்சரக் கொண்டுவாறான்!"

"நீங்க என்னைய ஒரு வார்த்த கேட்டியளாம்மா?" அவ்வளவுதான் கேட்டான்.

அப்பம் ரிஜோ எனக்க கையத் தொட்டான், இடது கையால. அவனுக்க மொகம் வெளுத்துப் போயிருந்துது. "பெரியம்ம, அத முதல்ல இருந்து போடுங்க."

"முதல்ல ஒண்ணும் இல்ல மக்கா, எனக்க சத்தம்தான்."

"போடுங்க."

போட்டேன். காக்கா கரஞ்சுது. "ஓய் சுயம்பு, கண்டன்சர் ஆஃப் பண்ணியாச்சா? பய கைய வைக்கலாமான்னு கேக்கான்." அப்பறம் உகப்படிப்பு. அப்பறம் "அதெல்லாம் ஆஃப் பண்ணியாச்சும்மா."

மழ மட்டும் தகரத்துல அடிக்குது.

"நான் கேக்கச் சொன்னது கெப்பாசிட்டர்"னு ரிஜோ சொன்னான்.

"ரெண்டும் ஒண்ணு தான மக்கா?" சொல்லி வாய மூடுறதுக்குள்ளயே எனக்குத் தெரிஞ்சிட்டு. பெட்டியும் கண்டன்சர்தான். மாடியில வெள்ளம் ஒழுகுற குழாயும் கண்டன்சர்தான். பதிமூணு வருசமா ரெண்டுக்கும் நடுவுல நடந்துக்கிட்டு இருக்கேன், ஒரு நாளும் எனக்குக் கொழம்புனது இல்ல. பெட்டி முன்ன நின்னு சொன்னா பெட்டி, ஏணியில நின்னு சொன்னா குழாய். அன்னைக்கு நான் நின்னது முத்தத்துல. அவரு நின்னது நிழல்தாங்கல்ல. காலம்பற நான் அவருகிட்ட கடைசியா பேசுனது குழாய் செரண்டுறதப் பத்தி. பய கைய வைக்கலாமான்னா, செரண்டுற பயன்னுதான எடுப்பாரு? ரிஜோ அந்தப் பெட்டியத் தெறந்து வச்சிருக்கான்னு நான் சொல்லவே இல்லியே.

ரிஜோ செரியான வார்த்தையத்தான் எனக்க கையில தந்தான். நான் சிரிச்சிட்டு அத மாத்திக் குடுத்தேன். வாய் புளிச்சதோ மாங்கா புளிச்சதோன்னு கேட்டேன், அதே வாயால "கைய வைக்கலாமாம்"னு கத்தவும் செய்தேன். நூறு தடவ அந்தப் பதிவக் கேட்டிருப்பேன். அவருக்க சத்தத்துல மட்டும்தான் குத்தம் தேடுனேன்.

"பெட்டியில எல்லா டப்பாவும் மோட்டார் நின்னா தன்னால விட்டுப்போவும் மேடம்"னு சுயம்பு எஸ்.ஐ.கிட்ட சொல்லிக்கிட்டு இருந்தாரு. "ஒண்ணு மட்டும் டிரான்ஸ்பார்மருக்குன்னு எப்பமும் லைன்லயே கெடக்கும். அதுக்கு சுவிச்சு பின்னால தனியா. தம்பி கைய வச்சது அதுல. பேரு எழுதி ஒட்டணும்னு தம்பி சொன்னாரு, நான் ஒட்டல. அது எனக்க தப்பு."

"டெஸ்டர் வச்சுப் பாக்காதது எனக்க தப்பு"ன்னு ரிஜோ தரையப் பாத்துச் சொன்னான். ரெண்டு மாசத்துல அவனுவ ரெண்டுபேரும் நான் நடுவுல இல்லாம பேசுனது அன்னைக்குத்தான்.

எஸ்.ஐ. மனுவ எனக்க பக்கம் தள்ளுனாங்க. "என்னம்மா செய்யப்போறீங்க?" நான் அதுல வாபஸ்னு எழுதி ஒப்பு போட்டேன்.

வெளிய வாசல்ல மழைக்கு ஒதுங்கி எல்லாரும் நின்னோம். நான்தான் முதல்ல பேசுனேன். "சுயம்பு, நாளைக்கு வேலைக்கு வாரும்."

அவரு என்னையப் பாக்கல. மழையப் பாத்துக்கிட்டே சொன்னாரு. "குரூப்ல இருநூத்திப் பதினாலு பேரு இருக்காவ. எனக்க சத்தத்த மட்டும் கேட்டாவ. ஒங்க சத்தத்தயும் கேக்கட்டும். பொறவு பாப்போம்."

"தப்பாப் புரிஞ்சுக்கிட்டேன்னு எழுதிப் போடுதேன் ஓய். போட்டா போதாதா?"

"எழுத்து வேண்டாம்மா. சத்தம் போடுங்க. முழுசா."

இந்துஜா குடைய விரிச்சா. ரெண்டுபேரும் நடந்து போயிட்டாவ.

ஆட்டோவுல வரும்ப ரிஜோ எனக்க பக்கத்துல நெருங்கி உக்காந்தான். பொறவு மெதுவா சொன்னான். "பெரியம்ம, அம்ம அந்த குரூப்ல இருக்கா. நீங்க போடாண்டாம். சுயம்பண்ணன் நல்லவருன்னு நானே எழுதுதேன். நீங்க கேட்ட வார்த்த அம்மைக்குத் தெரியாண்டாம். நான் சொல்லமாட்டேன்."

எனக்க பிள்ள. ரெண்டு விரல் போனவன் எனக்கு மறைப்புக் கட்டுதான். அழுதுட்டேன். ஆமான்னு சொல்லத்தான் நாக்கு எந்திரிச்சுது, சத்தியமாச் சொல்லுதேன். எழுதிட்டா முடிஞ்சுது. புஷ்பம் எனக்குப் புஷ்பமாவே இருப்பா. நீ இருந்துமான்னு கேட்டவ, நீதானான்னு கேக்கமாட்டா. அந்த மனுசன் மட்டும் இன்னும் கொஞ்ச நாளு டீக்கடையில தனியா நிப்பாரு. ஊரு மெல்ல மறக்கும். ஆனா ஹலோவ வெட்டவேண்டிய காரியம் என்னன்னு அந்தப் பெண்ணு கேட்டாளே, அதுக்கு நான் இப்பம் என்ன பதில் சொல்லுவேன்? அன்னைக்குத் தெரியாம வெட்டுனேன். இன்னைக்கு மறச்சா தெரிஞ்சு வெட்டுனதாவும்.

பிளாண்டுக்கு வந்தேன். மோட்டார் ரூமுல போய் நின்னேன். பெட்டி பூட்டிக் கெடந்துது, மூளல் இல்ல. போன எடுத்து முழுப் பதிவையும் குரூப்ல போட்டேன். கீழ ஒண்ணும் எழுதல.

அஞ்சு நிமிசம் ஒவ்வொருத்தரா அதக் கேக்கது போன்ல தெரிஞ்சுது. அப்பறம் போன் அடிச்சுது. புஷ்பம்.

"அக்கா." அவளுக்க சத்தம் ரொம்ப சின்னதா இருந்துது. "கெப்பாசிட்டர்னு கேக்கச் சொன்னேன்னுதான் பிள்ள எனக்கிட்ட சொன்னான். அதுல கண்டன்சர்னு கேக்கது நீயா?"

"நான்தாண்டி."

அவ மூச்சு விடுறது கேட்டுது. பொறவு வச்சிட்டா.

வச்சதும் எனக்க போன், பழக்கம்போல, பதிவாயிட்டுன்னு காட்டுச்சு. புஷ்பம், பதினாலு வினாடி. சுயம்பு அடுத்த திங்கக்கிழம வேலைக்கு வந்துட்டாரு. பெட்டியிலயும் மாடியிலயும் பேரு எழுதி ஒட்டியாச்சு. அந்தப் பதினாலு வினாடிய மட்டும் நான் இன்னும் போட்டுக் கேக்கல.